இடிக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி

என் வீட்டுக்காரர் வாசிக்கிற டிரம்ஸ் சத்தம் பத்தவில்லை என்று குறை சொன்ன ஒரே மனிதர் என் அப்பாதான். மற்றவர்கள் சொன்ன குறை வேறு. இதற்கு முன்னால் குடியிருந்த இரண்டு இடத்திலும் ஓனர் வந்து, கெஞ்சாத குறையாகப் பேசித்தான் எங்களைக் காலி செய்ய வைத்தார். இசைக்குழுவில் என் வீட்டுக்காரருக்கு இடி என்றே பெயர். அந்த இடி கேட்கவில்லையாம்.

அப்பா இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை, கத்தரியின் சலூனில் வைத்து. கத்தரி எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரர், முடி வெட்டுவது தொழில். திங்கள் சலூனுக்கு விடுமுறை என்பதால் சுழல் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அங்கேதான் ஒத்திகை நடக்கும். கீபோர்டு வாசிப்பது ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். வாயே திறக்க மாட்டார், இந்தக் கதையிலும் திறக்கப் போவதில்லை. அப்பா பாடகர், குழுவுக்குத் தலைவர், மற்ற நேரத்தில் செருப்புக் கடை முதலாளி. நான் குழுவில் யாரும் இல்லை. தலைவருக்கு மகள், டிரம்ஸ்காரருக்கு மனைவி, ஒயர் அறுந்தால் ஒட்டுகிறவள். அதனால் இரண்டு பக்கத்து அடியும் எனக்குத்தான் விழும்.

"மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காம கேளுங்க," என்று ஆரம்பித்தார் அப்பா. அவர் அப்படி ஆரம்பித்தால் மனசில் வைத்துக்கொள்ளும்படி ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "நீங்க வாசிக்கறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. தாளமும் நழுவுது. போன வாரம் பாட்டு ஒரு பக்கம் போச்சு, நீங்க ஒரு பக்கம் போனீங்க. கடைத்தெருவுல ஒரு ரிதம் மிஷின் பாத்து வச்சிருக்கேன். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன், ஒவ்வொரு அடியும் அவ்வளவு சுத்தமா விழுது. பஸ் டிப்போ விருந்துல நம்ம கச்சேரி இருக்குல்ல, அது வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் மிஷின்தான்."

என் வீட்டுக்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "சரிங்க மாமா," என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. சொந்த மாப்பிள்ளையைப் பத்து பேர் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வேலையை விட்டு அனுப்புகிற மாமனார் வேறு எங்காவது உண்டா? அதற்குச் சரி என்று தலையாட்டுகிற மாப்பிள்ளைதான் உண்டா?

வழி நெடுக நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன். அவர் வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான் ஒரு வார்த்தை சொன்னார். அவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. "டிரம்ஸும் இல்லன்னா, வாரம் ஏழு நாளும் நான் சுவத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கணும்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

சத்தம் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்ட வேண்டியதுதானே, எதற்கு ஆளை மாற்றுவது? எனக்கு ஃபேன், அயர்ன் பாக்ஸ், பழைய ரேடியோ எல்லாம் பழுது பார்க்கிற கடை. மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, டிரம்ஸுக்கு மைக், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று விசாரிக்கப் போனேன். கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். முதலில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார், அப்புறம்தான் விலையைச் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நானே செய்வது என்று முடிவு செய்தேன். என் கடையின் பின்கட்டில் ஆட்கள் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத சாமான்கள் மலைபோல் கிடந்தன. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாதிதான், வேலையைத் திருப்பிப் போட்டால் ஒன்று இன்னொன்றாக ஆகிவிடும். செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, பெரிய டிரம்முக்கு முன்னால் ரப்பர் பட்டையில் தொங்கவிட்டேன். அதுதான் அடி வாங்குகிற மைக். டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளுக்கு, பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் பாடுகிற மைக் ஒன்றைத் தரை துடைக்கிற கட்டையின் நுனியில் கட்டினேன். நசுங்கிப்போன கார் ஒன்றிலிருந்து ஆம்பும், சாப்பாட்டுத் தட்டளவு இரண்டு ஸ்பீக்கர்களும் கிடைத்தன. கார் ஆம்ப் கார் கரண்டில்தான் ஓடும். அதனால் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் பிடுங்கி அதற்கு இணைத்தேன். பெட்டிக்கு மரம் வேண்டுமே என்று பார்த்தேன். எங்கள் துணி அலமாரிக்குக் கதவு எதற்கு என்று தோன்றியது.

"இதுல என்னோட சட்டை இருந்துச்சே," என்றார் வீட்டுக்காரர்.

"இப்பவும் இருக்கு. காத்தோட்டமா இருக்கு," என்றேன்.

அவருக்கு இதில் அவ்வளவு உற்சாகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வேலை முடிந்து கையெல்லாம் பெயின்டோடு வந்து எனக்குப் பலகை பிடித்தார். ஆணி அடித்தார். "மாமா நிக்கற எடத்துக்கு நேரா சத்தம் போகுமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எதிரில் உட்கார்ந்து கேட்கப் போகிறவர்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மாமனாருக்கு அவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியைச் சலூனில் இறக்கினோம். அலமாரிக் கதவின் கைப்பிடி அப்படியே இருந்தது, தூக்குவதற்கு வசதி என்று விட்டுவிட்டேன். கத்தரி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பாட்டு வருமா, போர்வை வருமா?" என்று கேட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். இடி பெரிய டிரம்மை ஒரு மிதி மிதித்தார். சலூன் அலமாரியில் இருந்த பவுடர் டப்பா தானாக விழுந்து திறந்துகொண்டது. கண்ணாடிகள் எல்லாம் நடுங்கி, அதில் தெரிந்த எங்கள் எல்லாருக்கும் இரண்டு இரண்டு மூக்கு வந்தது. டீச்சர் தன்மேல் வந்து விழுந்த பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டார். கத்தரி தன் கண்ணாடிகளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றுவதற்காகக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பரவாயில்ல," என்றார் அப்பா. "பத்தாது."

பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தட்டி, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பாட ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தில் பாட்டு மெல்ல முன்னால் ஓடியது, டிரம்ஸ் அதன் பின்னால் ஓடியது. முடிந்ததும், "பாத்தியா, நழுவுது," என்று என்னிடம் சொன்னார்.

சரி, பத்தாதென்றால் இன்னொன்று செய்கிறேன் என்று சபதம் போட்டேன். அலமாரியின் இன்னொரு கதவும் போனது. இரண்டு ஸ்பீக்கரையும் ஆம்பில் சேர்த்தபோது புதுத் தலைவலி ஒன்று வந்தது. பெரிய அடி விழும்போதெல்லாம் கம்ப்யூட்டர் சப்ளை மிரண்டுபோய்ப் பட்டென்று அணைந்துவிடும். கழற்றி மாட்டி ஏதேதோ செய்து பார்த்தேன். சாது மாதிரி ஓடும், ஓடும், திடீரென்று கையை விரித்துவிடும். டிப்போ விருந்துக்கு முந்தைய கடைசி ஒத்திகையும் வந்துவிட்டது. என் மானம் அந்தத் தகர டப்பாவின் கையில் இருந்தது.

அன்று இரண்டு பெட்டியையும் அப்பாவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் சப்ளை அணைந்தது. அவ்வளவு பெரிய சத்தம் போய், ஒன்றுமே இல்லாத வெறும் டிரம்ஸ் மட்டும் மிஞ்சியது. தலைமேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது. கத்தரி என்னைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பார்த்தார். நான் ஓடிப்போய் ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் பாடிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, ரொம்ப நாள் கழித்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

"இப்ப தேவல பாப்பா," என்றார். "கஷ்டப்பட்டு செஞ்சிருக்க. இந்தப் பாட்டுல நல்லாவே கேட்டுச்சு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும். அன்று அது மூக்கைத் தாண்டிப் போனது.

"என்ன கேட்டுச்சு? பெட்டி செத்துக் கெடக்கு. லைட்டு கூட எரியல. இவ்வளவு நேரமும் கேக்கல கேக்கலன்னீங்க, இப்ப ஒண்ணுமே இல்லாதப்போ கேட்டுச்சுங்கறீங்க. அவரப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன்பா. எதுக்கு எங்கள வச்சு வெளையாடறீங்க?"

அப்பா பெட்டியைப் பார்த்தார். அணைந்திருந்த விளக்கைப் பார்த்தார். அப்புறம் எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பதிலுக்குக் கத்துவார் என்று நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். ஆனால் அவர், "நான் லைட்டப் பாக்கலம்மா," என்று மட்டும் சொன்னார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை.

கத்தரியும் டீச்சரும் போன பிறகு வீட்டுக்காரர் டிரம்ஸை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "அவரத் திட்டாத," என்றார்.

"உங்களுக்காகத்தான் திட்டினேன்."

"தெரியும். இருந்தாலும் திட்டாத. மாமாவுக்குக் காது கேக்கல."

நான் சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். அது பாட்டுக்கு என்னைச் சுவர் பக்கம் திருப்பியது. காலை ஊன்றித் திரும்பி வந்தேன். "எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். தாளம் கேக்காம பாட்டுல முன்ன பின்ன போயிடறாரு. நான் அவர் பின்னாடியே போயிடுவேன். தப்பு என்மேல இருக்கற மாதிரி இருக்கும். பாடறவர் தப்பா பாடினாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்ல."

தப்பு செய்யாதவர், தப்பை மறைத்ததற்காக வேலையை விட்டுப் போகப் போகிறார். அதைப் பெயின்ட் டப்பாவுக்கு மூடி போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார். எனக்கு அவரை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. போன் அடித்தால் அப்பா "அது உங்கம்மாவுக்குத்தான்" என்று எழுந்து போய்விடுவார். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருமே சத்தம் போட்டுத்தான் பேசுவோம். உப்பு கேட்பதைக்கூடச் சண்டை மாதிரி கேட்போம். அப்படிப்பட்ட குடும்பத்தில் யாருக்குக் காது போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் இருந்து வந்த மருமகன், மெல்லப் பேசுகிறவர், அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"அப்போ இந்தப் பெட்டி?"

"அவருக்குக் கேட்டுட்டா போதும், யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்னு நெனச்சேன்," என்றார். "அந்த மிஷினும் எதுக்குன்னு நெனக்கற? மிஷின மாமாவே ஓட்டினா ஹெட்போன் மாட்டிக்கலாம். எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அப்பா என் வீட்டுக்காரரை வெறுக்கவில்லை. ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

"நேரா அப்பாகிட்டயே பேசிடலாமா?"

"பேசினா அன்னைக்கே பாட்ட விட்டுடுவாரு. உங்கப்பாவ எனக்குத் தெரியும்." அதுவும் உண்மை. எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் பாதியில் விடுவதில்லை, முழுசாகத்தான் விடுவோம்.

மறுநாள் கடையில் ஒரு மேசை ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேரிங் போன ஃபேனை நான் காதால் கண்டுபிடிப்பதில்லை. தெரு இரைச்சலில் எங்கே கேட்பது? கையை வைத்தால் விரலிலேயே தெரிந்துவிடும். கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபேன்காரர் வந்து, "ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஆயிடுச்சு," என்று சொல்லி, பழுது பார்க்காமலே கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், அவர் மறுபடி வந்தார்.

ஒரு பெட்டியைப் பிரித்தேன். வீட்டுக்காரர் ஏறி நின்று பெயின்ட் அடிக்கிற பலகை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நான்கு குட்டைக் கால் வைத்து, அடியில் அந்தப் பெரிய ஸ்பீக்கரை இறுக்கித் திருகினேன். பெரிய டிரம் அடித்தால் பலகை அடிக்கும். பலகை அடித்தால் அதன்மேல் நிற்கிறவருக்குக் காது எதற்கு? வீட்டுக்காரர் ஏறி நின்று பார்த்தார். நான் டிரம்மை மிதித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "முட்டி வரைக்கும் வருது," என்றார். மிரண்டுபோகிற அந்தச் சப்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் வேலைக்கு ஓட்டுகிற வேனின் பாட்டரியைக் கொண்டு வரச் சொன்னேன்.

டிப்போ விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பல வருஷம் பஸ்களுக்கு நேரம் போட்டுக் கொடுத்த மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். பஸ் நிறுத்துகிற கொட்டகையைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். டிரைவர்கள் எல்லாம் சலவைச் சட்டையில் யாரோ மாதிரி இருந்தார்கள். அப்பா கோட்டும், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்தார். என்னோடு பேசவில்லை. பலகையைக் காலால் தட்டி, "இது என்ன?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஷாக் அடிக்காம இருக்கறதுக்கு," என்று நான் முந்திக்கொண்டேன், அவருக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து. "சிமென்ட் தரை, ஈரம் வேற. மைக்கப் பிடிச்சுக்கிட்டு எறங்கினீங்கன்னா நான் பொறுப்பில்ல. மரத்து மேலயே நில்லுங்க."

அப்பாவுக்குக் கரண்ட் என்றால் உயிர் போய்விடும். பலகைமேல் ஏறி நின்றார். வீட்டுக்காரர் முதல் அடி அடித்ததும் அப்பா அரை அடி துள்ளி, "அடிக்குதே," என்று என்னைப் பார்த்தார். "அது கரண்ட் இல்லப்பா, டிரம்ஸ்தான். பலகை லேசா ஆடுது, பழகிடும்," என்று சைகையும் பேச்சுமாகச் சமாளித்தேன். கத்தரி பேஸ் கிட்டாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்குவதிலேயே தெரிந்தது.

அப்பா பாட ஆரம்பித்தார். மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உலாத்துகிற மனிதர், சுவரில் மாட்டின படம் மாதிரி நின்று பாடினார். முதல் பாட்டு எங்கும் ஓடவில்லை. இரண்டாவது பாட்டும் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லும் அடிமேல் வந்து உட்கார்ந்தது. எதிரில் நாலைந்து பேர் ஆட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் யார் பின்னாலும் ஓட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக நான் கேட்காத வாசிப்பை வாசித்தார். இப்படியே முடிந்துவிட வேண்டும், இப்படியே முடிந்துவிட வேண்டும் என்று நான் பாட்டரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிய விடுவார்களா? ஓய்வு பெறுகிற பெரியவர் எழுந்து வந்தார். அடுத்த பாட்டைத் தங்கள் நடுவில் வந்து பாட வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். அன்றைய விருந்து யாருக்காகவோ அவரே கூப்பிடும்போது எப்படி மறுப்பது? மைக்கோடு இறங்கிப் போனார்.

பத்து வரி தாண்டுவதற்குள் பாட்டு கழன்றது. முதலில் கொஞ்சம் முன்னால், அப்புறம் இன்னும் கொஞ்சம் முன்னால். வீட்டுக்காரர் வழக்கம்போல அவர் பின்னாலேயே போனார். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் பின்னியது. ஒரு அம்மாள் நின்றுவிட்டு, டிரம்ஸ் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினாள். "அந்த டிரம்ஸ்காரன்தான் சொதப்பறான்," என்று ஒரு டிரைவர் சொன்னது எனக்கே கேட்டது. இடி தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். எழுந்து போய் அந்த டிரைவர் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டால் எதைச் சொல்வது?

அப்பா ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தார். அவர் தொழிலே கால் பார்ப்பதுதானே. தடுக்குகிற கால்களைப் பார்த்தார், அப்புறம் டிரம்ஸ் பக்கம் பார்த்தார். தன்னைத் துரத்திக்கொண்டு தலைகுனிந்து வாசிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். பாட்டை நிறுத்தி, மைக்கைத் தாழ்த்தினார். டீச்சர் சமயோசிதமாக இடையிசை மாதிரி ஒன்றை வாசித்துக்கொண்டே இருந்தார். அப்பா விறுவிறுவென்று நடந்து வந்து பலகையில் ஏறினார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு பலகைமேல் நின்றார். செருப்புக் கடை முதலாளியின் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. கொட்டகையே பார்த்தது.

ஷாக்குக்குப் பயப்படுகிற எவனும் ஷூவைக் கழற்ற மாட்டான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, காலடியில் நான்கு அடி விழுகிற வரைக்கும் காத்திருந்தார். ஐந்தாவது அடியில் பாடினார். அச்சுப் பிசகவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் அந்தப் பலகையை விட்டு அவர் இறங்கவே இல்லை. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாட்டரி ஆசிட் கண்ணில் பட்டுவிட்டதா என்று கத்தரி மட்டும் வந்து கேட்டார்.

எல்லாம் கட்டி ஏற்றிய பிறகு வேன் கிளம்பவில்லை. மதியம் முழுக்க உழைத்த பாட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை. கத்தரியும் டீச்சரும், பஸ் டிப்போவில் வண்டி தள்ளவா ஆள் கிடைக்காது என்று தேடிப் போனார்கள். நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். முன்னால் அப்பாவும் வீட்டுக்காரரும். கொட்டகையில் நாற்காலி மடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

அப்பா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல, எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத அளவுக்கு மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை. உங்களுக்கு எவ்வளவு நாளா தெரியும்?"

அடுத்த தெருவில் குழாய் சொட்டினால் எழுந்துபோய் மூடுகிற காது என் வீட்டுக்காரருக்கு. அவர் முழுசாக அப்பா பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்:

"என்ன மாமா சொன்னீங்க? எனக்குக் காதுல விழல."

அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோட்டின் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை," என்றார். "அந்த மிஷினைக் கேக்கப் போனேன். வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"அப்படியா மாமா."

"ஆமா. அதனால திங்கக்கிழமை நேரத்தோட வந்துடுங்க."

காலையில் நாங்கள் வரும்போது அந்த மிஷின் விலைச்சீட்டோடு கடை ஜன்னலில்தான் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.